பி16 சிவிக்கின் ஈசியூ வேலை: கிளிநொச்சிக் குறிப்புகள்

மொடிபை பண்ணின காரின் கொம்பியூட்டரை (ஈசியூ) ரியூன் பண்ணினால் எவ்வளவு குதிரைவலு கூடும் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் என்ஜின் காற்றை எப்படி அளக்கிறது? அது தெரியாவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல ரயர் வாங்கிப் போடுங்கள் என்பேன். பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை.

சுபாரு, நிசான் போன்ற பல கார்களில் காற்று உள்ளே வரும் வழியிலேயே ஒரு மானி இருக்கும். எவ்வளவு காற்றுப் போகிறது என்பதை அது நேராக அளந்து ஈசியூவுக்குச் சொல்லும். புகை வெளியேறும் ஹெடர் குழாயை மாற்றினதால் கொஞ்சம் கூடுதலாகக் காற்றுப் போனாலும் அதற்கேற்ற பெற்றோலை அது பெரும்பாலும் தானாகவே கொடுத்துவிடும். தொண்ணூறுகளின் ஹொண்டாவில் அந்த மானியே கிடையாது. என்ஜினுக்குக் காற்றுப் போகும் மனிபோல்டில் எவ்வளவு அழுத்தம், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்), உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு என்று மூன்றை மட்டும் பார்த்து, தனக்குள் இருக்கும் அட்டவணையில் தேடி, "இவ்வளவு காற்றுத்தான் போயிருக்கும்" என்று கணித்துக்கொள்ளும். அந்த அட்டவணை ஹொண்டாக்காரர் கொம்பனி என்ஜினை வைத்து நிரப்பியது. நீங்கள் வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றினீர்களா, ஹெடரை மாற்றினீர்களா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே இந்த வகைக் காரில் ரியூனிங் என்பது மேலதிகமாக எதையோ கூட்டுகிற வேலை இல்லை. மாற்றின சாமான்களுக்குக் கொடுத்த காசைத் திரும்ப எடுக்கிற வேலை.

இனிக் கார். மச்சானின் 1993 சிவிக், ஈஜி மொடல் ஹாட்ச்பாக். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 8000 ஆர்பிஎம்மில் ஒருமுறை பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்துவிட்டு வந்து சுளிக்கட்டும். வாங்கும்போது இருந்த 1.5 என்ஜினைக் கழற்றிவிட்டு, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுத்த ரீகண்டிஷன் பி16ஏ ஒன்றைப் போட்டிருந்தான். 1595 சிசி, கொம்பிரஷன் 10.4, ஜப்பானில் விற்றபோது 7800 ஆர்பிஎம்மில் 170 பிஎஸ் (குதிரைவலு) என்று போட்ட என்ஜின். என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்தும் இருந்தான். அதைச் செய்யாத காருக்கு நான் கை வைப்பதில்லை. அதற்கு மேல் 4-2-1 ஹெடர், இரண்டேகால் அங்குலப் பைப், டைப் ஆர் கேம் இரண்டு, அதற்குரிய வால்வு ஸ்பிரிங். ஒரு போக நெல்லுக் காசு முழுக்க பொனட்டுக்குக் கீழேதான் கிடந்தது.

ஈசியூவின் மொடல் பி28. அதற்குள் இணையத்தில் வாங்கின, அட்டவணைகளை மாற்றி எழுதின "ஸ்ரேஜ் 2" சிப். 30 குதிரைவலு கூடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆனால் கார் என்னிடம் வந்தது வேறு முறைப்பாடுகளோடு. 3000 ஆர்பிஎம்மில் இழுத்து இழுத்து ஓடுகிறது. சைலன்சரில் பெற்றோல் மணக்கிறது. மத்தியான வெயிலில் ஏசி போட்டு நாலு பேரோடு மிதித்தால் தகரத்தில் கல் விழுகிற சத்தம்.

இடப்பக்க முன்சீற்றின் கால்வைக்கிற இடத்தில், கார்ப்பெற்றுக்குக் கீழே ஈசியூ இருக்கும். எங்கள் ஊர்ச் செம்மண் அதற்குள்ளும் போயிருந்தது. தூசு தட்டி, மூடியைத் திறந்து பார்த்ததும் முதல் விஷயம் தெரிந்துவிட்டது: சிப் இருக்கும் 28 கால் சொக்கற்றில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. இந்தப் போர்ட்டை ஹொண்டா செய்யும்போதே வெளிச் சிப்புக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. ஆனால் துளைகளெல்லாம் ஈயத்தால் அடைபட்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சூடாக்கி உறிஞ்சி எடுக்கவேண்டும். அதில் 14ஆவது கால் எர்த். அது பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் அயனின் சூட்டை முழுக்கக் குடித்துவிடும். அவசரக்காரர்கள் எல்லாரும் அரைகுறையாக விடுகிற கால் அதுதான். இங்கேயும் அதுவேதான். பக்கத்தில் உள்ள 74எச்சி373 சிப்பிலும் இரண்டு கால் ஆடியது. எல்லாவற்றையும் கழற்றி, புதுச் சொக்கற் போட்டு, சி51, சி52 இடங்களில் 0.1 மைக்ரோபராட், ஆர்54இல் 1 கிலோஓம், ஜே1இல் ஒரு துண்டு வயர் என்று திரும்பச் செய்தேன். ஜே1 இணைந்தால்தான் ஈசியூ தன் உள் நினைவை விட்டுவிட்டு வெளிச் சிப்பைப் படிக்கும்.

பழைய சிப்பைப் புரோகிராமரில் வைத்து வாசித்து, ஹொண்டா ஈசியூவுக்கான குரோம் (Crome) மென்பொருளில் திறந்தேன். கொம்பனி பி16ஏ அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது. பெற்றோல் அட்டவணையின் எல்லாக் கட்டங்களையும் ஒரே எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள். டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், எல்லா இடத்திலும் மூன்று நாலு பாகை முன்னுக்கு. ரெவ் லிமிற், அதாவது என்ஜினைச் சுற்ற விடும் உச்ச ஆர்பிஎம், 9000. வீடெக், அதாவது சின்னக் கேமிலிருந்து பெரிய கேமுக்கு மாறுவது, 4400இல். இந்தக் காரில் என்ன கேம், என்ன ஹெடர், எந்தப் பெற்றோல் என்று கேட்காமலே செய்த சிப். ஜப்பானில் இந்த என்ஜினுக்கு ஊற்றினது 100 பக்கத்து ஒக்ரேன் பெற்றோல்; ஒக்ரேன் கூடினால் பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும். இங்கே கிடைப்பது 92உம் 95உம். அதிலும் 95 எல்லா ஷெட்டிலும் எந்நாளும் இருக்காது. 92 ஊற்றி, கொம்பனி வைத்த டைமிங்குக்கும் மேலே நாலு பாகை என்றால் கல் விழுகிற சத்தம் வராமல் என்ன வரும்? அந்தச் சத்தம்தான் நொக்: பெற்றோல் சீராக எரியாமல் தானாக வெடிப்பது. பி28இல் நொக் சென்சரும் இல்லை, காது கேட்டு அதுவாகப் பின்வாங்க.

சரி, லப்டொப்பைத் தொடுவதற்கு முன் என்ஜினைப் பார்க்கவேண்டும். நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் பார்த்து, வால்வு இடைவெளி சரிபார்த்தோம்: என்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ற் 0.17 முதல் 0.21. இரண்டு எக்ஸோஸ்ற் வால்வு இறுக்கமாக இருந்தன. அடுத்தது அடிப்படை டைமிங். டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு கால் சேர்விஸ் கனெக்டரை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, டைமிங் லைற் அடித்துப் பார்த்தால் சிவப்புக் கோடு 16 பாகையில் நிற்கவேண்டும். இங்கே 20ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. டிஸ்ரிபியூட்டரின் மூன்று 12 மில்லிமீற்றர் போல்ட்டையும் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பினதும் சரி. இதைச் செய்யாமல் ஸ்கிரீனில் எத்தனை பாகை எழுதினாலும் அந்த எண் பொய். சிப் கூட்டின நாலு, டிஸ்ரிபியூட்டர் கூட்டின நாலு என்று இந்த என்ஜின் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததே முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியம்.

வைட்பாண்ட் ஒக்சிசன் சென்சர் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவேண்டாம். காரோடு வரும் சென்சர் காற்று எரிபொருள் விகிதம் 14.7க்கு மேலேயா கீழேயா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பொஷ் எல்எஸ்யூ 4.9 சென்சரோடு கூடிய மீற்றர் ஒன்றைப் பூட்டினோம். பைப்பில் துளை போட்டு நட்டை ஒட்டும் வேலை லேத் கடையில். நட்டைப் பைப்பின் மேல்பக்கம் ஒட்டவேண்டும். கீழ்ப்பக்கம் ஒட்டினால் காலையில் ஸ்ராட் பண்ணும்போது பைப்பில் தேங்கும் தண்ணீர் பட்டுச் சென்சர் வெடித்துவிடும். ஹெடர் காஸ்கட்டில் மெல்லிய லீக் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, பெற்றோல் குறைவு என்று மீற்றர் பொய் சொல்லும். அதனால் காஸ்கட்டும் புதிது.

பாதி மிதியில் ஓடுகிற பகுதியை பரந்தன் முல்லைத்தீவு வீதியில் செய்தோம். விடிய வெளிக்கிட்டால் வீதி வெறுமை. வெயில் ஏற முன் திரும்பிவிடலாம். மச்சான் ஓட, நான் மடியில் லப்டொப். ஈசியூ தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை முதலில் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் அட்டவணையின் உண்மை முகம் தெரியாது. அப்புறம் ஒரே சீரான வேகத்தில் ஒவ்வொரு கட்டமாக ஓடிப் பதிய வேண்டியதுதான். 14.7 வரவேண்டிய இடத்தில் 13.2 வருகிறதென்றால் அந்தக் கட்டத்தின் எண்ணைச் சுமார் 10 வீதம் குறைக்கவேண்டும். அலுப்பான வேலை. நடுவில் மாடு படுத்திருந்தால் எழும்பும்வரை காத்திருப்பும் உண்டு. ஆனால் காரின் சுபாவம் மாறுவது இங்கேதான். சந்தியில் மெல்ல உருட்டும்போது வந்த அந்த இழுவை, பெற்றோல் மணம் எல்லாம் முழு மிதியைத் தொடாமலே போய்விட்டன. கேமை மாற்றினால் குறைந்த ஆர்பிஎம்மில் மனிபோல்ட் அழுத்தம் முன்னைப்போல் இருக்காது. பழைய அட்டவணைக்கு அது கூடுதல் சுமையாகத் தெரிய, தேவையில்லாமல் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

காற்று வடிகட்டியைப் பற்றி ஒன்று. "கோல்ட் எயார்" என்று பெயர்தான். பூட்டியிருந்ததோ ஹெடருக்குப் பக்கத்தில். கிளிநொச்சிச் சந்தையடியில் ஊர்ந்துபோகும்போது உள்ளே போகும் காற்றின் சூடு 58 பாகை என்று பதிவில் வந்தது. பைப்பைக் கீழே இறக்கி, பம்பருக்குப் பின்னால் கொண்டுபோய்த் தடுப்பும் போட்ட பிறகு அதே இடத்தில் 40 பக்கத்தில். 18 பாகை குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 6 வீதம் கூடும். லப்டொப்பைத் திறக்காமல் கிடைத்த 6 வீதம். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு இதைவிட மலிவான ரியூனிங் கிடையாது.

இனி நொக். இதற்குக் கரடிப்போக்குச் சந்தி அண்ணையைக் கூப்பிட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் என்ஜின்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை மெக்கானிக். ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் அடிமட்டம்; டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாவிட்டால் பிஸ்டனை உடைத்துவிடும். நொக் சத்தத்தோடு அவ்வளவு காலம் வாழ்ந்த காது அது.

கருவி எளிது. கால் அங்குலச் செப்புக் குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டு, என்ஜின் புளொக்கின் ஒரு போல்ட்டில் இறுக்கினோம். மற்ற முனையில் றப்பர் குழாய். அது ஜன்னலால் உள்ளே வந்து, சத்தத்தடுப்புக் காதுமூடிக்குள் போகும். என்ஜினுக்குள் நடப்பதெல்லாம் காதுக்குள் கேட்கும். அண்ணை பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வேண்டுமென்றே 92 ஊற்றி, வேண்டுமென்றே வெயிலில், ஏசியும் போட்டு, மூன்றாம் கியரில் 2500இலிருந்து மிதிக்கச் சொன்னேன்.

"உந்தா, அடிக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுமூடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வால்வுச் சத்தம், செயின் போல ஏதோ இரைச்சல்.

"அது இல்லையடா தம்பி. அதுக்குள்ள ஒரு சின்னச் சீலை கிழியிற மாதிரி. இப்ப... ஓம், இப்ப!"

கேட்டது. லப்டொப்பில் அந்த இடத்தைக் குறித்தேன்: 2800 முதல் 3600, ஏறக்குறைய முழு அழுத்தத்தில். கொம்பனி டைமிங்கிலேயே அங்கே 92 தாங்கவில்லை. மூன்று பாகை குறைத்ததும் அண்ணை தலையை ஆட்டினார். இன்னும் ஒரு பாகை குறைக்கச் சொன்னார். "வெயில் இன்னும் ஏறும்." குறைத்தேன். மேல் ஆர்பிஎம்மில் பிரச்சினை வேறு மாதிரி; அங்கே எரிவதற்கு நேரம் குறைவு என்பதால் நொக் அவ்வளவு இலகுவில் வராது, ஆனால் வந்தால் காதால் பிடிக்க முன்னரே சேதம் நடந்துவிடும்.

அந்த மேல் பகுதியை ஏ9 வீதியில் செய்யச் சொல்லி மச்சான் கரைச்சல் கொடுத்தான். முடியாது என்றுவிட்டேன். வேக எல்லை 70. இந்தக் கார் இரண்டாம் கியரிலேயே 8000இல் 90ஐத் தாண்டிவிடும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் முழுக்க நெல் காயும், இருட்டினால் மாங்குளம் பக்கம் யானை. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு, காரைக் கொழும்பில், சக்கரத்தில் வரும் வலுவை அளக்கும் டைனோ இருக்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம்.

முதலில் அந்த இணையச் சிப்பையே திரும்பப் போட்டு ஓடவிட்டேன், 95 பெற்றோலோடு. சக்கரத்தில் 133 குதிரைவலு. அடுத்தது ஒன்றும் செய்யாத கொம்பனி பி16ஏ அட்டவணை: 138. முப்பது கூட்டுகிறது என்ற சிப் ஐந்தைக் குறைத்திருக்கிறது. 7000க்கு மேல் காற்று எரிபொருள் விகிதம் 11ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, பெற்றோலில் மூழ்கடித்திருக்கிறார்கள். மச்சான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். விற்றவனுக்கு அனுப்பினானா தெரியாது.

வீடெக் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் ஊரெல்லாம் ஏமாறுகிறது. வீடெக் திறக்கும்போது முதுகில் ஓர் உதை விழும் என்பதுதான் இந்தக் கார்களின் புகழ். சிப் செய்தவரும் அதை 4400க்கு இறக்கி, உதையைப் பெரிதாக்கியிருந்தார். டைனோவில் சின்னக் கேமில் மட்டும் ஒரு ஓட்டம், பெரிய கேமில் மட்டும் ஒரு ஓட்டம் எடுத்து, இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். இரண்டும் வெட்டிக்கொண்டது 5400 பக்கத்தில். 4400இல் பெரிய கேமுக்கு மாறினால் டோர்க் (முறுக்குவிசை) முதலில் கீழே விழுகிறது, பிறகு ஏறுகிறது. அந்த விழுந்தெழும் இடத்தைத்தான் முதுகு உதை என்று எடுத்துக்கொள்கிறது. 5400இல் மாற்றினபோது கோடு வழவழவென்று ஏறியது. உதை இல்லை. மச்சானின் முகம் தொங்கிவிட்டது. "வீடெக் வேலை செய்யுதோ?" என்று இரண்டாம் தரமும் கேட்டான். திரையில் கோட்டைக் காட்டினேன். நம்பினான், ஆனால் மனமில்லாமல்.

முழு மிதியில் விகிதத்தை 12.9 அளவுக்குக் கொண்டுவந்து, டைமிங்கை ஒவ்வொரு பாகையாகக் கூட்டிப் பார்த்தேன். 7000க்கு மேல் இரண்டு பாகை பலன் தந்தது. மூன்றாவதற்கு டோர்க் அசையவில்லை. அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தவேண்டும். அதற்கு மேல் கூட்டுவது நொக்குக்கு வெற்றிலை வைத்து அழைப்பது. ரெவ் லிமிற்றை 8200க்கே திருப்பிவிட்டேன். 7800க்கு மேல் கோடு கீழே இறங்குகிறது, 9000 வரை சுற்றி யாருக்கு என்ன லாபம்? கடைசியில் சக்கரத்தில் 149. இணையச் சிப்பைவிட 16, கொம்பனி அட்டவணையைவிட 11. டைனோ எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரே இயந்திரத்தில் ஒரே நாளில் எடுத்த வித்தியாசம்தான் நம்பத்தக்கது. ஆனால் அந்த 11ஐவிட எனக்குப் பிடித்தது 4500க்கும் 5500க்கும் இடையில் நிரம்பின பள்ளம். ஊர் வீதியில் காலுக்குத் தெரிவது அதுதான்.

ஆக, பலன் உண்டா என்றால், கேம் மாற்றின, காற்றுமானி இல்லாத இந்தக் காருக்கு உண்டு. வடிகட்டியும் சைலன்சரும் மட்டும் மாற்றின ரேர்போ இல்லாத காருக்கு நான் செய்து கொடுக்கமாட்டேன். வருவது ஒன்றிரண்டு குதிரைவலு, போவது நல்ல காசு. எவோ, டபிள்யூஆர்எக்ஸ் மாதிரி ரேர்போக் கார் வேறு கதை. அங்கே காற்றை அமுக்கித் தள்ளும் பூஸ்ட்டையே ஈசியூ கட்டுப்படுத்துகிறது, ஆகவே சொப்ட்வெயாரால் மட்டும் பெரிய மாற்றம் வரும். ஆனால் எங்கள் 92 பெற்றோலில் அதே சொப்ட்வெயார் பிஸ்டனையும் எடுத்துவிடும்.

92 என்றதும் கடைசி வேலை. கொழும்பில் 95க்குச் செய்த டைமிங் ஊரில் 92 ஊற்றும் நாளில் ஆபத்து. நான் போட்டது 27எஸ்எஃப்512 சிப்; அதில் 64 கிலோபைற் இடம். ஈசியூவுக்கு வேண்டியது 32 மட்டும். ஆகவே இரண்டு அட்டவணை கொள்ளும். சிப்பின் 1ஆவது காலை சொக்கற்றில் இறக்காமல் வெளியே வளைத்து, 10 கிலோஓம் ஒன்றால் 28ஆவது காலின் 5 வோல்ற்றுக்கு இணைத்தேன். அதே காலிலிருந்து ஒரு வயர் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து எர்த்துக்கு. சுவிட்ச் திறந்திருந்தால் மேல் பாதி வேலை செய்யும், மூடினால் கீழ்ப் பாதி. 92க்கான அட்டவணையை மேல் பாதியில் எழுதினேன். நாளைக்கு வயர் அறுந்தாலும், சுவிட்ச் பழுதானாலும் கார் தானாக 92க்குத்தான் போகும். அண்ணை குறைத்துத் தந்த டைமிங் முழுக்க அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

சாவியை நிறுத்திவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டவேண்டும், பெற்றோல் ராங்கில் இரண்டும் கலந்திருந்தால் 92இலேயே விடவேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மச்சான் சுவிட்சுக்கு ஏவுகணைப் பொத்தான் மாதிரிச் சிவப்பு மூடி வேண்டும் என்றான். சாதாரணக் கறுப்புச் சுவிட்ச் ஒன்றை டாஷ்போர்ட்டுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் பூட்டினேன்.